பீர் பத்தி இங்கிலீஷ்ல பேசணுமா, நம்ம பார் பாஷைய வீட்ல வச்சுட்டு கெளம்புங்க

வள்ளியூரு, நாங்குநேரி, திசையன்விளை பக்கமிருந்து ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்சுட்டு கப்பலுக்கும் துபாய்க்கும் கெளம்புத பயலுவளுக்கு ஒரு விஷயத்துல மட்டும் நாக்கு மேல ஒட்டிக்கிடும், அது பீர். பாளையங்கோட்டைல படிச்ச பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு யாரும் சொல்ல முடியாது, கிராமர்லாம் சுத்தமா இருக்கும், ஆனா கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் நின்னுக்கிட்டு "வாட்ஸ் ஆன் டாப்?"னு கேட்டா பய தண்ணிக் குழாயப் பாக்கான். ஐடில ஆன்சைட் போறவங்களுக்கும் இதே கததான், ஆபீஸ் முடிஞ்சு டீமோட பப்புக்குப் போனா எல்லாரும் எதோ பேசி சிரிக்காங்க, நம்மாளு ஃபோன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் கப்பல் பார்ல வேல பாத்தவன், இப்ப ஊர்ல இருந்துக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போற பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்கேன், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்தேன். குடிக்காதவங்களுக்கும் இது ஆகும், விக்கிறவன் குடிக்கணும்னு சட்டமா இருக்கு.

முதல்ல புது வார்த்த எதுவும் படிக்க வேண்டாம். நம்ம ஊரு பார்ல ஏற்கெனவே பாதி இங்கிலீஷ்லதான் பேசுதோம், குவார்ட்டர், ஹாட், ராவா, மிக்சிங், சைடிஷ், கூலிங்குன்னு. இந்த இங்கிலீஷ் கடல் தாண்டுனா செல்லாது, அதத்தான் முதல்ல சரி பண்ணணும். "ஹாட்டா பீரா"ன்னு நம்ம ஊர்ல கேட்டா பிராந்தி ரம்மு வகையறான்னு அர்த்தம், வெளிய போய் "ஹாட் ட்ரிங்க்"னு சொன்னா டீயோ காபியோ கொண்டாந்து வைப்பான், அங்க அதுக்குப் பேரு "ஸ்பிரிட்ஸ்". ராவா அடிக்கதுக்கு "நீட்", ஐஸ் மட்டும் போட்டா "ஆன் த ராக்ஸ்", இது ரெண்டையும் பீருக்கு சொல்லப்படாது, சிரிச்சிருவாங்க. மிக்சிங்குக்கு "மிக்ஸர்", ஆனா மிக்ஸர்னு கேட்டுட்டு காராபூந்திய எதிர்பார்க்காதீங்க, சோடாவோ டானிக் வாட்டரோதான் வரும். காராபூந்தி ரகம் வேணும்னா "பார் ஸ்நாக்ஸ்", இல்ல "சம் நட்ஸ்". சைடிஷ்னு அவன்ட்ட சொன்னா சாப்பாட்டுக்குத் தொட்டுக்கிடதுன்னு நினைப்பான். "கூலிங்கா ஒண்ணு" கெடையாது, "அ கோல்ட் ஒன்". டின்னுக்கு எல்லா ஊர்லயும் புரியிற வார்த்த "கேன்". குவார்ட்டர்னா அமெரிக்காக்காரனுக்கு 25 சென்ட் காசு. ஸ்மால், லார்ஜுக்கு "சிங்கிள்", "டபுள்", அளவும் வேற, நம்ம ஊரு ஸ்மால் 30 மில்லின்னா பிரிட்டன் சிங்கிள் 25 இல்லன்னா 35 மில்லி.

அடுத்து அளவு. இதுலதான் நெறைய பேருக்கு குழப்பம். நம்ம நாட்டுல பீர் "பைன்ட்"னா 330 மில்லி சின்ன பாட்டில், பெருசு 650 மில்லி. பிரிட்டன்ல பைன்ட்டுங்கது 568 மில்லி, அதுவும் பாட்டில் இல்ல, கிளாஸ்ல ஊத்துத அளவு. அமெரிக்கால அதே பைன்ட் 473 மில்லிதான். ஆஸ்திரேலியால "ஸ்கூனர்"னு ஒண்ணு, பெரும்பாலான இடத்துல 425 மில்லி, அடிலெய்டு போனீங்கன்னா அங்க ஸ்கூனர் 285 ஆயிரும், 425 மில்லியத்தான் பைன்ட்டுன்னு சொல்லுதான், ஒரே நாட்டுக்குள்ளயே இந்தக் கூத்து. ஜெர்மனில லிட்டர் கணக்குதான், அரை லிட்டர் சாதாரணம். அதனால எங்க போனாலும் "ஹவ் பிக் இஸ் யுவர் பைன்ட்?"னு கூச்சப்படாம கேக்கலாம், ஊர் சுத்துதவங்க எல்லாரும் கேக்கதுதான். பாதி போதும்னா "ஜஸ்ட் அ ஹாஃப், ப்ளீஸ்", பிரிட்டன்ல அது சட்டப்படியே இருக்க அளவு, 284 மில்லி, கேட்டா யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க.

அளவு தெரிஞ்சா மட்டும் போதாது, வீரியம் தெரியணும். "ஸ்ட்ராங்கா ஒரு பீர்"னு கேக்கது நம்ம பழக்கம், ஏன்னா இங்க ஸ்ட்ராங் பீர்னு தனி ரகமே இருக்கு, 5 சதவீதத்துக்கு மேல 8 வரைக்கும். அங்க கேக்க வேண்டிய கேள்வி "வாட்ஸ் த ஏ-பி-வி?", பீர்ல எத்தன சதவீதம் ஆல்கஹால்னு அர்த்தம், மெனுலயும் லேபிள்லயும் அந்த நம்பர் இருக்கும். இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்லுதேன்னா, பிரிட்டன்ல 10 மில்லி சுத்த ஆல்கஹால ஒரு "யூனிட்"னு கணக்கு வச்சிருக்காங்க. 4 சதவீத பைன்ட் ஒண்ணு 2.3 யூனிட் வரும். நம்ம ஊரு 650 மில்லி பாட்டில் 8 சதவீதம்னா 5.2 யூனிட். வாரம் பூராவுக்கும் சேத்தே 14 யூனிட்ட தாண்டாதீங்கன்னுதான் அந்த நாட்டு டாக்டர்மாரு சொல்லுதாங்க, நம்ம பாட்டில்ல மூணு முடிச்சா 15.6, ஒரு வாரத்துக் கணக்கு ஒரே ராத்திரில தீந்துபோச்சு. "பீர்தான, ஒண்ணும் செய்யாது"ன்னு பேசுதவங்ககிட்ட இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுக் காமிங்க. ஏ-பி-வி கம்மியா, பைய ரொம்ப நேரம் வச்சுக் குடிக்க ஏத்த பீருக்கு "ஸெஷன் பீர்"னு பேரு, 4 பக்கத்துல இருக்கும். ஆல்கஹாலே வேண்டாம்னா "டு யூ ஹேவ் எனி ஆல்கஹால்-ஃப்ரீ பீர்?". ஜிஞ்சர் பீர், ரூட் பீர்னு மெனுல பாத்துட்டு பீர்னு நினைச்சு ஒதுங்கிராதீங்க, ரூட் பீருங்கது நம்ம ஊர்ல சொல்லுத கலர்தான், ஜிஞ்சர் பீரும் பெரும்பாலும் அப்டித்தான்.

ஆர்டர் பண்ணுத விதம். "கிவ் மீ ஒன் பீர்" வேண்டவே வேண்டாம், கிராமர் தப்பில்ல, தொனி தப்பு, அதட்டுத மாதிரி கேக்கும். "குட் ஐ கெட் அ பைன்ட் ஆஃப் லாகர், ப்ளீஸ்", இல்லன்னா "ஐ வில் ஹேவ் அ லாகர், தேங்க்ஸ்". லாகர்ங்கது பீர்ல ஒரு ரகம், பொறவு வெவரமா சொல்லுதேன். ஒன் பீர்னு எண்ணிச் சொல்லாம "அ பீர்"னு சொல்லிப் பழகுங்க. முன்னாடி குடிச்சதே மறுபடி வேணும்னா "சேம் அகெய்ன், ப்ளீஸ்", முடிஞ்சுபோச்சு. குழாய்ல புடிச்சுத் தாரது "ட்ராஃப்ட்" இல்லன்னா "ஆன் டாப்", அதோட ஸ்பெல்லிங்கப் (draught) பாத்துட்டு ட்ராட்டு, ட்ரவுட்டுன்னுலாம் வாசிக்காதீங்க, ட்ராஃப்ட்தான். பிரிட்டன் பப்ல பெரும்பாலும் டேபிளுக்கு யாரும் வர மாட்டாங்க, நாமதான் கவுன்டருக்குப் போய் காசு குடுத்து வாங்கிட்டு வரணும். அண்ணாச்சின்னு கூப்பிட முடியாது, ஸார் ஸார்னும் வேண்டாம், கண்ணப் பாத்து "ஹாய்" போதும். கைய சொடுக்குனீங்கன்னா கடைசிலதான் வருவான். மீதிக் காச குடுத்துட்டு அவன் "சியர்ஸ்"னா தேங்க்ஸ்னு அர்த்தம், கிளாஸ தூக்கி மோத வேண்டாம். வயசு சின்னதா தெரிஞ்சா "கேன் ஐ சீ சம் ஐடி?"னு கேப்பான், கோவப்படக் கூடாது, பாஸ்போர்ட்ட காமிங்க. பிரிட்டன்ல 18 வயசு ஆகியிருக்கணும், அமெரிக்கால 21, தமிழ்நாட்டுலயும் 21.

ஊத்துததுக்கும் வார்த்த இருக்கு, கப்பல் இன்டர்வியூல செஞ்சு காட்டச் சொல்லுவாங்க. கிளாஸ் சுத்தமா, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம இருக்கணும். 45 டிகிரி சாச்சுப் புடிச்சு உள்பக்கச் சுவத்துல வழிய விடணும், பாதிக்கு மேல வந்ததும் கிளாஸ பைய நிமித்தி நடுவுல ஊத்தணும், அப்பதான் மேல ரெண்டு விரக்கட நுரை நிக்கும். அந்த நுரைக்குப் பேரு "ஹெட்", ஃபோம்னு சொன்னாலும் புரியும். குடிக்கக் குடிக்க கிளாஸ் உள்ள வளையம் வளையமா நுரை ஒட்டிக்கிட்டு நிக்கும்லா, அது "லேஸிங்", கிளாஸ் சுத்தமா இருந்ததுக்கு அடையாளம். நம்மாளு நுரைன்னா ஏமாத்து வேலைன்னு நினைக்கான், கொஞ்சம் ஹெட் இருந்தாத்தான் வாசமே மூக்குக்கு வரும். ரொம்ப நுரையா இருந்தா மட்டும் "குட் யூ டாப் இட் அப், ப்ளீஸ்?"னு கேக்கலாம், நிரப்பித் தருவான்.

இனி ரகம். எத்தன பேரு மெனுல இருந்தாலும் முக்காவாசி ரெண்டே குடும்பம், லாகர், ஏல். லாகர் குளுமைல, சுமாரா 7ல இருந்து 13 டிகிரிக்குள்ள பைய நொதிக்கும், ஈஸ்ட் (நொதிக்க வைக்குத நுண்ணுயிர்) அடில தங்கும், அதான் ருசி சுத்தமா, லேசா இருக்கும், நம்ம கடைல கிடைக்கதுல பெரும்பகுதி இதுதான். ஏல் அதவிட சூட்டுல, ஈஸ்ட் மேல பொங்கி நொதிக்கும், அந்தச் சூட்டுல பழ வாசமெல்லாம் வரும். "ஏல்"னு சொல்லும்போது நம்ம ஊர்க்காரன் கடைசில இழுத்து "ஏலே"ன்னு முடிச்சுரக் கூடாது, அம்புட்டு நேரமும் மரியாதையா பேசிட்டு கஸ்டமர ஏலேன்னு கூப்ட்டா என்ன ஆகும். பொன் நிறத்துல பளபளன்னு இருக்க "பில்ஸ்னர்" லாகர் குடும்பம், இப்ப செக் நாட்டுல இருக்க பில்ஸன் ஊர்ல 1842ல ஆரம்பிச்சது. கறுப்பா இருக்க "ஸ்டவுட்" ஏல் குடும்பம், டப்ளின் கின்னஸ் இதுலதான் வரும். நிறத்துக்கு காரணம் வறுத்த பார்லி. பார்லிய நனச்சு, முளைகட்டி, காயவச்சு எடுத்தா "மால்ட்", வறுக்க வறுக்க நிறம் ஏறும். கறுப்பா இருந்தா போதை கூடன்னு நினைக்காதீங்க, கின்னஸ் ட்ராஃப்ட் 4 சதவீதம் பக்கம்தான், நம்ம ஸ்ட்ராங் பீர் வெளுப்பா இருந்துக்கிட்டே ஆள சாய்க்கும்.

"ஐ-பி-ஏ"ன்னு தனித்தனி எழுத்தா சொல்லணும், இந்தியா பேல் ஏல். பேர்ல இந்தியா இருக்கே நம்ம ஊரு சரக்கான்னு பயலுவ கேக்கான். இங்கிலாந்துல காய்ச்சி இங்க இருந்த வெள்ளைக்காரனுக்கு கப்பல்ல அனுப்புன பேல் ஏல்ல இருந்து வந்த பேரு. லண்டன் கிழக்க பௌ பகுதில இருந்த ஹாட்ஜ்ஸன் பீர் ஆலைதான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கேப்டன்மாருக்கு நெறைய வித்தது, 1820கள்ல இங்கிலாந்துலயே பர்ட்டன் ஊர்க்காரங்க போட்டிக்கு வந்துட்டாங்க. நம்ம பாளையங்கோட்டைல கம்பெனி பட்டாளம் இருந்த காலம் அது. நீண்ட பயணத்துல கெடாம இருக்க "ஹாப்ஸ்" கூடப் போட்டாங்க, ஹாப்ஸ்ங்கது கொடில பூக்குத ஒரு பூ, கசப்பும் வாசமும் அதுலதான் வருது, பீர் கெட்டுப்போகாம காக்கும், நம்ம நாட்டுல இமாச்சல்ல லாஹௌல் பக்கம் வெளயுது. இன்னைக்கும் ஐ-பி-ஏ கசக்கும். "வீட் பீர்" கோதுமை சேத்தது, கலங்கலா இருக்கும், ஜெர்மன் ரகத்துல வாழப்பழ வாசமும் கிராம்பு வாசமும் அடிக்கும், ரெண்டையும் போட்டிருக்க மாட்டாங்க, ஈஸ்ட் செய்யுத வேல. பெல்ஜியம் ரகத்துல மட்டும் நெசமாவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுதாங்க.

ருசியச் சொல்லுத வார்த்தைகள்ல பயலுவ லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணுதாங்க, அது சுத்த வேஸ்ட், மோந்து பாக்காம சொன்னா வாய்ல ஒட்டாது. வீட்டு அடுக்களைல நின்னு படிங்க. கருப்பட்டி காய்ச்சுத வாசம் "கேரமல்", பொரிகடலையும் ரொட்டிக் கருகலும் "டோஸ்ட்டி", கடுங்காப்பிப் பொடி "ரோஸ்ட்டி", நார்த்தங்காய நகத்தால கீறுனா வருத வாசம் "சிட்ரஸி", மூணு நாள் தோசமாவு "யீஸ்ட்டி", புளிச்ச மோரு "ஸௌர்" இல்லன்னா "டார்ட்". இத மூக்குல ஏத்திக்கிட்டா பொறவு எந்த பீர மோந்தாலும் வார்த்த தானா வரும். மால்ட் வாசம் தூக்குனா "மால்ட்டி", ஹாப்ஸ் தூக்குனா "ஹாப்பி", இது சந்தோஷத்துக்கு சொல்லுத ஹேப்பி இல்ல, ஹா-வுல வாயத் தொறக்கணும். "பிட்டர்"னா கசப்பு, ஆனா இங்கிலாந்துல "அ பைன்ட் ஆஃப் பிட்டர்"னு கேட்டா அது ஒரு ஏல் ரகத்தோட பேரு, கம்ப்ளெயின்ட்னு நினைச்சு மாத்திக் குடுத்துராதீங்க. "ட்ரை"ன்னா இனிப்பில்லாததுன்னு அர்த்தம், நமக்குத் தெரிஞ்ச ட்ரைலாம் காந்தி ஜெயந்திக்கு கடை மூடுத ட்ரை டேதான. வாய்ல கனமா இருந்தா "ஃபுல்-பாடிட்", தண்ணியா இருந்தா "லைட்-பாடிட்", முழுங்குன பொறவு நாக்குல நிக்கது "ஃபினிஷ்". "க்ரிஸ்ப்", "ரெஃப்ரெஷிங்" ரெண்டும் எந்த லாகருக்கும் சொல்லித் தப்பிச்சுக்கிடலாம்.

கெட்டுப்போனத சொல்லுதது தனி. கேஸ் போயிருந்தா "ஃப்ளாட்". ஈர அட்டை வாசம் அடிச்சா காத்து பட்டு "ஆக்ஸிடைஸ்ட்". வெண்ணெய் வாசம் தூக்குனா "பட்டரி". அப்புறம் "ஸ்கங்கி"ன்னு ஒண்ணு, ஸ்கங்குங்கது அமெரிக்காப் பக்கம் இருக்க ஒரு பிராணி, பயந்தா நாத்தம் பிடிச்ச தண்ணிய பீச்சும். பீர்ல வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கசப்புல மாற்றம் வந்து அதே நாத்தம் வரும், சூட்டால இல்ல, வெளிச்சத்தால. பழுப்பு பாட்டில் அதத் தடுக்கத்தான், பச்சைப் பாட்டில் அவ்ளோ தடுக்காது, வெள்ளைப் பாட்டில் சுத்தமா தடுக்காது. நம்ம சித்திரை வெயில்ல கண்ணாடி ஷோகேஸ்ல பச்சைப் பாட்டில அடுக்கி வைக்கது எவ்ளோ பெரிய தப்புன்னு இப்ப புரியுதா. எது கெட்டிருந்தாலும் சண்டைக்குப் போகாம "ஸாரி, ஐ திங்க் திஸ் ஒன்ஸ் ஆஃப்"னு சொன்னா போதும், மாத்திக் குடுப்பான்.

கூட்டமா போனா "ரவுண்ட்". நம்ம ஊர்ல கடைசில ஷேர் போடுவோம், பிரிட்டன்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து வாங்கணும். "வாட் ஆர் யூ ஹேவிங்?"னு கேட்டா அவரு வாங்கித் தாராருன்னு அர்த்தம், நம்ம முறை வந்தா "மை ரவுண்ட்"னு எந்திரிக்கணும், அதுக்கு முன்னாடி நழுவுனவன அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. ஒரு சுத்து வேண்டாம்னா "ஐ வில் ஸிட் திஸ் ஒன் அவுட்".

குடிக்காதவங்க கத விட வேண்டாம், வயிறு சரியில்ல, விரதம்னுலாம் இழுக்க வேண்டாம். "ஐ டோன்ட் ட்ரிங்க், ஐ வில் ஹேவ் அ கோக்" போதும், அங்க யாரும் "ஒரே ஒரு கிளாஸ் மாப்ள"ன்னு கால்ல விழ மாட்டாங்க. "ஐ'ம் குட்"னா நல்லாருக்கேன் இல்ல, வேண்டாம்னு அர்த்தம். "ஐ'ம் டிரைவிங்"னா பேச்சே கெடையாது. போதைக்கு வார்த்தைக எக்கச்சக்கம், லேசான மப்புக்கு "டிப்ஸி", "பஸ்ட்", முத்துனா "ஹேமர்ட்", "வேஸ்ட்டட்", மட்டையாயிட்டா "பாஸ்ட் அவுட்", மறுநாள் காலைல "ஹங்ஓவர்". இதுல "பிஸ்ட்" மட்டும் உஷார், பிரிட்டன்காரன் சொன்னா போதை, அமெரிக்காக்காரன் சொன்னா கோவம், நாம ரெண்டு பேருட்டயும் சொல்லாம இருக்கது நல்லது.

வெளிநாட்டுக்காரங்க நம்மட்ட தவறாம கேக்கது "வாட் டு பீப்பிள் ட்ரிங்க் வேர் யூ ஆர் ஃப்ரம்?". இதுக்கு பதில் ரெடியா வச்சுக்கிடுங்க. திசையன்விளை, ராதாபுரம் தேரிக்காட்டுப் பயலுவளுக்கு சொல்ல எவ்ளோ இருக்கு. கள்ளுக்கு டிக்ஷனரில "டாடி"ன்னு போட்டிருக்கும், அத அப்டியே சொன்னா பிரிட்டன்காரன் "ஹாட் டாடி"ன்னு நினைச்சுருவான், அது விஸ்கில வெந்நியும் எலுமிச்சையும் தேனும் கலந்து ஜலதோஷத்துக்குக் குடிக்கது. "பாம் வைன்"னு சொல்லுங்க, உடனே புரியும். பதநீருக்கு "ஃப்ரெஷ் பாம் சாப், நாட் ஃபெர்மென்டட்". கலயத்துல சுண்ணாம்பு தடவுனா புளிக்காம பதநீரா இருக்கும், தடவலன்னா அதே தண்ணி காட்டு ஈஸ்ட்ல தானா நொதிச்சு கள்ளாயிரும், இத "தே கோட் த பாட் வித் லைம்"னு சொன்னா லைம்னா எலுமிச்சைன்னு எடுத்துக்கிடுவான், "ஸ்லேக்ட் லைம், த ஒயிட் பவுடர்"னு சேத்துச் சொல்லணும். கள்ளு இறக்க தமிழ்நாட்டுல தடைன்னும் சொல்லிருங்க, இல்லன்னா ஊருக்கு வரும்போது கள்ளு கேட்டு நிப்பான்.

கடைசியா கப்பல் இன்டர்வியூ. கண்டிப்பா வருத கேள்வி, "அ கெஸ்ட் டஸின்ட் லைக் பிட்டர் பீர், வாட் வுட் யூ ரெகமென்ட்?". உடனே பிராண்ட் பேர அடுக்காதீங்க, முதல்ல திருப்பிக் கேளுங்க, "டு யூ ப்ரிஃபர் ஸம்திங் லைட் ஆர் ஸம்திங் டார்க்? எனி அலர்ஜிஸ்?". பார்லிலயும் கோதுமைலயும் க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு, ஒத்துக்கிடாதவங்களுக்கு சாதாரண பீர் ஆகாது, இந்த அலர்ஜி கேள்விய கேட்ட பயலுக்கு அங்கயே பாதி மார்க். பொறவு "யூ மைட் என்ஜாய் த வீட் பீர், இட்ஸ் க்ளவுடி, அ பிட் ஃப்ரூட்டி அண்ட் நாட் வெரி பிட்டர். வுட் யூ லைக் அ டேஸ்டர்?". டேஸ்டர்னா ருசி பாக்க கொஞ்சூண்டு ஊத்திக் குடுக்கது. இத கேட்டுட்டு நிறுத்திரணும், நம்ம பயலுவ எதிர்ல இருக்கவரு ரெண்டு செகண்ட் யோசிச்சா தாங்காம "ஓகே ஸார், நோ ப்ராப்ளம் ஸார், லாகர் ஆல்ஸோ தேர் ஸார்"னு உளற ஆரம்பிச்சிருதான், அவரு பதில் சொல்லுத வரைக்கும் வாய மூடிக்கிட்டு நில்லுங்க.